இழுக்காதே என்றார்கள், அசைக்கச் சொல்லவில்லை

பயிற்சிக்காகக் கையை நான் மடக்கி உயர்த்தும்போது என் மகள் அழுகிறாள். அது வலியா, பிடித்து வைப்பதால் வரும் கோபமா? நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிரசவத்தில் தோள் சிக்கியதால் அவளுடைய இடது கை பாதிக்கப்பட்டது. பிரேக்கியல் பிளெக்ஸஸ் காயம் (கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து இழுபடுவது) என்றார்கள். வலது கை முகத்தருகே துழாவும். இடது கை உடலோடு ஒட்டி அப்படியே கிடக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "யாரும் கையைப் பிடிச்சு இழுத்துராதீங்க. ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டுவந்து காட்டுங்க."

எங்கள் ஊர் சீவலப்பேரிப் பக்கம். பிள்ளைகளைக் குளிப்பாட்ட வரும் அக்கா எண்ணெய் தேய்த்து, கைகால்களை நீவி, மாற்றி மாற்றி மடக்கி விடுவார். அதுதான் இழுப்பது என்று நினைத்தேன். அவரை வர வேண்டாம் என்றேன். கையை நெஞ்சோடு சேர்த்துத் துணியில் சுற்றி, கண்ணாடிச் சாமான் போலப் பார்த்துக்கொண்டேன்.

சந்தேகம் இல்லாமல் இல்லை. தடுப்பூசி போடும் புதன்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸிடம் கேட்டேன். "இப்படியே எத்தன நாளு வச்சிருக்கணும்?"

"ஊசின்னா சொல்லுதேன், எடைன்னா சொல்லுதேன். இதுக்கு நான் எதையாவது சொல்லி, நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? பெரியாஸ்பத்திரிலதாம்மா கேக்கணும்."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாததைத் தெரியும் என்று அவர் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கொண்டுபோனபோது, திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர்) துணியை விலக்கித் தோளைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. "இறுகிட்டே. பைய அசைச்சுக் குடுத்திருக்கணும்லா?"

"இழுக்கக் கூடாதுன்னாங்க."

"இழுக்கத்தான் கூடாது. அசைக்கணும்மா, துணி மாத்தும்போதெல்லாம்." செய்து காட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தப் பத்து நிமிடம்தான் என்னைக் கொதிக்க வைக்கிறது. அதைச் சொல்லித்தர எங்கள் சுகாதார நிலையத்தில் ஆள் இல்லை. வட்டாரம் முழுவதற்கும் ஒரே ஒரு இயன்முறை மருத்துவர். பக்கவாதத்தில் படுத்திருப்பவர்களைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதவில்லை. கைக்குழந்தையோடு பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க முடியாத அம்மாக்கள் என்ன செய்வார்கள்? பிள்ளையின் தோள் இறுகியது என் அறியாமை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் கேட்டேன். பதில் சொல்லத்தான் யாரும் இல்லை.

"ஊசி போடணும்னா வீடு தேடி வாராவ. கைய பாக்க மட்டும் நாம பஸ் ஏறணுமாக்கும்" என்கிறார் அத்தை. அவரே, பயிற்சியின்போது அவள் அழுதால், "ஏளா, விடு. பச்சப் பிள்ளைக்கு டிரில் வாத்தியாராட்டம் நிக்கே" என்று பிடுங்கிக்கொள்கிறார்.

இப்போது முழங்கையை மடக்குகிறாள். தோள் முழுதாக உயரவில்லை. பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்கிறேன். கை எவ்வளவு உயர்கிறது என்பதே எனக்கு நாட்காட்டி. கொடியில் துணி போடக் கையைத் தூக்கும்போது, எவ்வளவு எளிதாகத் தூக்குகிறேன் என்று திகைத்து நின்றுவிடுகிறேன்.

வாரம் ஒரு நாளாவது எங்கள் நிலையத்துக்கு இயன்முறை மருத்துவர் வர வேண்டும் என்று கேட்கப் போகிறேன். என் பிள்ளைக்காக மட்டும் கேட்பதாக நினைத்துவிடுவார்களோ என்று தயக்கமும் இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி யாரையாவது வரவழைத்திருக்கிறீர்களா? யாரிடம் போனீர்கள், என்ன சொன்னீர்கள்? எழுதுங்கள். சீக்கிரம் எழுதினால் நல்லது.