பெட்ரோல் பேரைச் சொல்லி

ரெமிஜியஸ் தனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்டதாகப் பெங்களூர் நீலசந்திராவில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் மேனேஜர்களுக்குக் கார் ஓட்டியவர். மற்ற டிரைவர்கள் சம்பள உயர்வு கேட்டு ஆபீஸுக்குள் போகும்போது இவர் வெளியே நின்று கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர்களுக்குக் கிடைத்தால் இவருக்கும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அதோடு சரி. "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?" என்று மனைவி நோரா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

2001இல் கம்பெனி, விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. வந்த பணத்தில் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கி, ஈஜிபுராவிலிருந்து கன்டோன்மென்ட் பக்கம் இருந்த கான்வென்ட் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போக ஆரம்பித்தார். மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகள். ஆம்னிக்குள் பன்னிரண்டு பேர் எப்படி உட்கார்ந்தார்கள் என்று கேட்கக் கூடாது. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் இறங்கிய பிறகுதான் அவருக்குப் பெட்ரோலின் மகிமை தெரிந்தது. பெட்ரோல் விலை ஏறிய மறுநாள் மகள் அன்னா ஆங்கிலத்தில் நாலு வரி எழுதித் தருவாள்: பெட்ரோல் விலை உயர்ந்துவிட்டபடியால் அடுத்த மாதம் முதல் வேன் கட்டணம் இவ்வளவு. அதை ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளின் டைரியில் வைத்து அனுப்பிவிடுவார். அம்மாக்கள் அரசாங்கத்தைத் திட்டுவார்கள், மந்திரியைத் திட்டுவார்கள், பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். இவரை ஒருத்தரும் திட்டவில்லை. எவ்வளவு சுகம்! டயர் தேய்ந்தாலும் பெட்ரோல், இன்சூரன்ஸ் வந்தாலும் பெட்ரோல், மங்களூரில் நர்சிங் படிக்கப் போன அன்னாவின் ஃபீஸும் பெட்ரோல். எல்லாவற்றையும் அந்த ஒரு பெயரில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை. 2006இலிருந்து அந்த வண்டி பெட்ரோலில் ஓடவே இல்லை. பெங்களூர் ஆட்டோக்கள் எல்லாம் கேஸுக்கு மாறியபோது இவரும் மாற்றினார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறையாகக் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்து வாங்கினார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கேஸ் டேங்க்கின் மேல் பழைய பாயைப் போட்டு, அதன்மேல் பிள்ளைகளின் பைகளை அடுக்கி, அம்மாக்களிடம் மூச்சு விடவில்லை. கேஸ் என்றால் பயப்படுவார்கள் என்பது ஒரு காரணம். பெட்ரோல் இல்லை என்றால் அப்புறம் எதைச் சொல்லிக் கேட்பது என்பதுதான் பெரிய காரணம்.

2008 ஜூனில் பெட்ரோல் ஐந்து ரூபாய் ஏறியது. டைரியில் ஜெராக்ஸ் போயிற்று, கட்டணம் நூறு ரூபாய் ஏறியது. எல்லாம் வழக்கம்போல. அதற்கப்புறம்தான் வந்தது வினை. அமெரிக்காவில் ஏதோ பேங்க் விழுந்ததாம், உலகமே எண்ணெய் வாங்குவதைக் குறைத்துக்கொண்டதாம், கச்சா எண்ணெய் விலை தலைகுப்புற விழுந்ததாம். டிவியில் தினமும் இதே பேச்சு. டிசம்பரில் பெட்ரோல் ஐந்து ரூபாய் இறங்கியது. ஜனவரிக் கடைசியில் இன்னொரு ஐந்து. கோடையில் எலெக்‌ஷன் வருகிறது என்பதால்தான் குறைத்தார்கள் என்று ஒரு கட்சி சொன்னது. நாங்கள்தான் குறைத்தோம் என்று இன்னொரு கட்சிக்காரர்கள் விவேக்நகர் பங்க் முன்னால் பட்டாசு வெடித்து, நின்ற வண்டிகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள். ஜன்னல் வழியாக ரெமிஜியஸ் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள். ஊரே சந்தோஷப்பட்ட அந்த லட்டு அவருக்கு மட்டும் தொண்டையில் நின்றது.

அம்மாக்களில் வைஷ்ணவி என்று ஒருத்தி. ஈரோட்டுப் பெண், சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. ரெமிஜியஸ் அவளுக்கு இதுவரை அனுப்பிய நாலு ஜெராக்ஸையும் ஃபைலில் போட்டு வைத்திருந்தாள்! பிப்ரவரி முதல் வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டுக்கு வாங்க. மத்த பேரன்ட்ஸும் வர்றாங்க. பெட்ரோல் பத்து ரூபா குறைஞ்சிருக்கு. ஃபீஸ் பத்திப் பேசணும்."

விஷயம் அதோடு நிற்கவில்லை. ரகு என்ற பையன், கால் சென்டர்களுக்கு டாடா சுமோ ஓட்டிக்கொண்டிருந்தவன். அங்கே ஆட்களைக் குறைத்ததில் இவனுடைய ட்ரிப்பும் போய்விட்டது. சும்மா நிற்கும் வண்டியைப் பள்ளிக்கூட ட்ரிப்புக்கு இறக்கி, குறைந்த ரேட் சொல்லிக்கொண்டிருந்தான். ரெமிஜியஸ் குறைக்காவிட்டால் ஏழு பிள்ளைகள் சுமோவுக்குப் போய்விடும் என்று பேச்சு அடிபட்டது. ஏழு போனால் மிச்சம் ஐந்து. குறைத்தாலும் கட்டாது. ஜூனில் அன்னாவுக்குக் கடைசி வருஷ ஃபீஸ் கட்டியாக வேண்டும்.

"கேஸ் வண்டின்னு சொல்லிடுங்க. பெட்ரோல் கணக்கே வராதுல்ல?" என்றாள் நோரா.

"சொன்னா ஏழு இல்ல, பன்னெண்டும் இறங்கிடும். உனக்கென்ன பைத்தியமா?" என்று எரிந்து விழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வைஷ்ணவியின் மகன் கவின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஏழு வயசு. எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது வேன் டிரைவருக்குத் தெரியும் அளவுக்குப் பாதிரியாருக்குக்கூடத் தெரியாது.

"அங்கிள், எங்கப்பாவுக்கு இப்ப டெய்லி சண்டே."

"அப்படியா ராஜா?"

"லேப்டாப்பைக்கூட ஆபீஸ்ல வாங்கி வெச்சிக்கிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

"சரி, நானும் சொல்ல மாட்டேன்," என்றார்.

மாதாவே! அவருக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் கட்டணம் கட்டியவள் இப்போது ஏன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று யோசித்து மண்டை காய்ந்திருந்தார். வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோயிருக்கிறது. அதைச் சொல்ல முடியாமல் பெட்ரோலைப் பிடித்திருக்கிறாள். கூடவே வேறொரு நினைப்பும் வந்தது. எல்லார் முன்னாலும் இதைப் போட்டு உடைத்தால் அவள் வாயடைத்துப் போவாள், கூட்டமும் கலைந்துவிடும். அந்த நினைப்பு வந்ததற்காக அன்று முழுக்க அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகப் போனார். ஹாலில் ஏழு அம்மாக்கள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே டிவியில் கிரிக்கெட் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. வைஷ்ணவி நாலு ஜெராக்ஸையும் டீப்பாயில் வரிசையாகப் பரப்பினாள்.

கிருத்திகா என்ற அம்மா முந்திக்கொண்டாள். "ஏறும்போது மறுநாளே பேப்பர் வருது. இறங்கும்போது ஏன் வரல? எலெக்‌ஷனுக்குப் பயந்து கவர்ன்மென்ட்டே குறைச்சிடுச்சு, நீங்க குறைக்க மாட்டீங்களா?"

"லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர், மாசத்துக்கு இத்தனை நாள்," என்று வைஷ்ணவி வாசித்தாள். கணக்கில் ஒரு பிசகு இல்லை. அவள் அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

வரும் வழியெல்லாம் அவர் பதில் தயார் செய்து வைத்திருந்தார். ஆயில் விலை, ஸ்பேர் பார்ட்ஸ் விலை, மெக்கானிக் கூலி. சாத்தியிருந்த அந்தக் கதவைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டார்.

"மேடம், இந்தக் கணக்கு வேணாம். வண்டி பெட்ரோல்ல ஓடல. ரெண்டு வருஷத்துக்கு மேலயே கேஸ்ல ஓடுது."

"அய்யோ! பிள்ளைங்கள கேஸ் மேல உக்கார வெச்சா கூட்டிட்டுப் போறீங்க?" கிருத்திகா எழுந்தே விட்டாள்.

ஆர்.சி. புத்தகத்தை எடுத்து நீட்டினார். முத்திரையைப் பார்த்தும் அவள் கோபம் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம். அவள் கேட்டது நியாயம்தானே. "அப்ப பெட்ரோல் பெட்ரோல்னு எங்களை ஏமாத்தினீங்களா?"

"ஆமா மேடம். பொய்தான். எனக்கு வேணும்னு கேக்க வாய் வரல. அதான் பெட்ரோல் பேர்ல கேட்டேன்." ஆர்.சி. புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இப்ப கேக்கறேன். இதே ரேட்டுதான். பெட்ரோலுக்கு இல்ல. அஞ்சு மணிக்கு எழுந்து உங்க பிள்ளைங்கள பத்திரமா கொண்டு போய் விட்டு, பத்திரமா கொண்டு வர்றதுக்கு எனக்குக் கூலி. இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் கிடையாது. முடியும்னா குடுங்க. இல்லன்னா ரகு நல்ல பையன், நிதானமா ஓட்டுவான்."

கிருத்திகா அங்கேயே தன் மகளை வேனிலிருந்து நிறுத்திக்கொள்வதாகச் சொன்னாள். இன்னும் மூன்று பேர் அவளோடு சேர்ந்தார்கள். வைஷ்ணவி குனிந்து காகிதங்களை அடுக்கினாள். படியிறங்கும்போது ரெமிஜியஸுக்கு அவமானமாகவும் இருந்தது, நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்தமாதிரி லேசாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய் நோராவிடம் நாலு போச்சு என்றார். "மீதி எட்டு இருக்குல்ல, சாப்பிட வாங்க," என்றாள் அவள்.

மறுநாள் காலை ஈஜிபுராவில் வண்டி நின்றபோது கவினும் வரமாட்டான், எட்டு ஏழாகிவிடும் என்றுதான் அவர் நிச்சயமாக நினைத்திருந்தார். ஆனால் வைஷ்ணவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தாள். அவனை ஏற்றி, கதவைச் சாத்தி, சுற்றிக்கொண்டு டிரைவர் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"அண்ணா, இவங்கப்பாவுக்கு நவம்பர்ல வேலை போயிடுச்சு. வெளிய யாருக்கும் தெரியாது. ஏப்ரல் வரைக்கும் பாதி ஃபீஸ் குடுத்தா பரவாயில்லையா?"

"இதை போன் பண்ணப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிண்ணா சொல்றது? இத்தனை வருஷம் நீங்க எப்படிக் கேட்டீங்களோ, அப்படித்தான் எனக்கும் கேக்கத் தெரிஞ்சுது."

ரெமிஜியஸ் ஸ்டியரிங்கைப் பார்த்தார். பரவாயில்லை, முடியும்போது கொடுங்கள் என்று சொல்லத்தான் வாய் போயிற்று. ஐம்பத்திரண்டு வருஷமாக வாய் அப்படித்தான் போய்ப் பழகியிருந்தது. இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"சரிம்மா, பாதி குடுங்க. ஆனா ஜூன்ல எம் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும். அதுக்குள்ள மீதி எனக்கு வேணும்."