மீரான் காக்காவும் என் கார் குடித்த ஆயிலும்

செய்தி வந்தபோது நான் உப்பளத்துப் பாதையில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் உப்பள வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: ‘மெக்கானிக் மீரான் காக்கா மௌத். அசர் தொழுகைக்குப் பிறகு காயல்பட்டினத்தில் அடக்கம்.’ அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அவரைப் பார்க்கக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்திருந்தேன். அதனால் எனக்கு முதலில் துக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று செத்தவர் மேலேயே கோபப்பட்டேன்.

அண்ணனுக்குச் சொல்கிற ‘காக்கா’ என்ற முறையில் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். வளைகுடாவில் பல வருஷம் கார் வேலை பார்த்துவிட்டு வந்து, துறைமுகச் சாலையில் தன் தம்பி சாகுலோடு ஷெட் போட்டவர். அவரிடம் வண்டியை விடப் பொறுமை வேண்டும். பானெட்டைத் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் கேள்வி கேட்பார். எந்த ரோட்டில் ஓட்டுகிறாய், எங்கே நிறுத்துகிறாய், கடைசியாக யார் கை வைத்தது? “வண்டி பொய் சொல்லாது தம்பி. ஓட்டுறவனைத்தான் நாலு தடவை கேக்கணும்” என்பார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

என் பழைய டீசல் கார் ஆயில் குடிக்க ஆரம்பித்தபோது அவரிடம் போனேன். பின்னால் நீலப் புகை, கீழே நிறுத்துமிடமெல்லாம் சொட்டு. ஒரு வாரம் தினமும் காலையில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து, அளவை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

“நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா காக்கா? வண்டி ஆயில் குடிக்குன்னு சொல்லுதேன். நீங்க என்னன்னா எழுதிட்டு வரச் சொல்லுதிய!”

“குடிக்குறது சரி. எவ்வளவு குடிக்கி, எப்பம் குடிக்கின்னு தெரியாம நான் எதைக் கழட்ட?”

எழுதவில்லை. ஒரு வாரம் கழித்து வெறுங்கையோடு போய் நின்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துச் சும்மா மேலே வைத்தார். அது தடதடவென்று ஆடிக் கீழே விழுந்தது.

“உள்ள சேருற புகைக்குப் போக வழியில்ல. மூச்சு முட்டுனா இன்ஜின் ஆயிலைத்தான் வெளிய தள்ளும். ப்ரீத்தர் பைப்பு எங்கனயோ அடைச்சிருக்கு. அதுல யாரும் கை வச்சாங்களா?”

“யாரும் வைக்கல.”

“ஒண்ணும் பண்ணலையே?”

“இல்லன்னு சொல்லுதேன்லா!”

வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழியில் வேறு வண்டி நின்றது. இரண்டு நாள் விட்டுவிட்டுப் போ, கீழே இறங்கிப் பார்க்கிறேன் என்றார். ஒரு பைப்பைப் பார்க்க இரண்டு நாளா என்று கத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறொரு ஷெட்டில் இன்ஜினையே இறக்கிப் பிஸ்டன் ரிங் மாற்றினார்கள். நான் சும்மா இருந்தேனா? உப்பளத்து டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் அவரைக் கிழித்தேன். “அவுக வெளிநாட்டுல கார் கழுவிட்டு இருந்திருப்பாக. இன்ஜின் வேலையெல்லாம் அவுகளுக்கு எங்க தெரியும்?” எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு உப்பளத்து வண்டிகள் ஒவ்வொன்றாக அவர் ஷெட்டுக்குப் போவதை நிறுத்தின. ஒருத்தர்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரே மாதத்தில் கார் திரும்பவும் ஆயில் குடித்தது. ஒருநாள் உப்பளத்து வரப்பில் டயர் பஞ்சர். ஜாக்கி வைக்கக் குனிந்தபோது, தரையைப் பார்த்துத் தொங்கும் அந்த ப்ரீத்தர் பைப்பின் நுனி கண்ணில் பட்டது. நுனியில் பனியன் துணி. உப்புத் தூசி உள்ளே போகாமல் இருக்க நானே மடித்து, கம்பியால் இறுக்கிக் கட்டியது. ஆயிலும் உப்பும் தூசியும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. உப்பளத்தில் ஓடும் பழைய வண்டிகள் எல்லாவற்றிலும் அதைக் கட்டுவோம். கண்ணாடியைத் துடைப்பது போல அது எங்களுக்கு. வண்டியில் கை வைத்ததாக யாரும் நினைப்பதில்லை. வெட்டி எறிந்தேன். சொட்டும் நின்றது, புகையும் நின்றது.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. என்ன முகத்தோடு போவது? இப்படியே நான்கு மாதம் ஓடிவிட்டது. நடுவில் ஒருநாள் ஊருக்குள் டயர்க் கடையில் காரை விட்டுவிட்டு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவரும் சாகுலும் அந்தப் பக்கமாக வந்தார்கள். என்னைக் கண்டதும் ரோட்டைத் தாண்டி வந்து, “வண்டி எப்படி இருக்கு தம்பி?” என்றார்.

“ரிங்கு மாத்துன பிறகு ஜோரா ஓடுது காக்கா” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் “நல்லது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

காயல்பட்டினத்தில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது சாகுல் என் பக்கத்தில் வந்து நின்றார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“அண்ணாச்சி, அன்னைக்கு டயர்க் கடையில உங்க வண்டி ஜாக்கியில நின்னுச்சுல்லா. காக்கா குனிஞ்சு பாத்தாக. பைப்பு நுனியில கம்பி கட்டுன தடமும் அதுல ஒட்டுன துணி நூலும் இருக்கு, துணியைக் காணோம். ‘தம்பி கண்டுபிடிச்சுட்டான்லே, வா, அவன் வாயால கேப்போம்’னு சிரிச்சுக்கிட்டேதான் ரோட்டைத் தாண்டுனாக.”



மன்னிப்புக் கேட்கக்கூட அவர் என்னை விடவில்லை என்று இன்னும் சில சமயம் அவர்மேல் ஆத்திரம் வருகிறது. அது அநியாயம் என்று தெரியும். கேட்பதற்கு அவர் ரோட்டைத் தாண்டி வந்தார். நான்தான் பொய்யைச் சொல்லி அனுப்பினேன். அன்று டீக்கடையில் சிரித்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அவருக்கு வேலை தெரியும். என் வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்காமல் நோயைச் சொன்னார். பைப்புகளில் நாம் கட்டிய துணிகளை அறுத்துப் போடுங்கள், வண்டியைச் சாகுலிடம் கொண்டுபோங்கள். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த “நல்லது” ஒன்றுதான். அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.