துணியைத் தூக்காமல் தாம்பரம் வரை

நான் ஒரு பஞ்சு நாயை ஐந்து நிமிடத்துக்குள் நான்கு முறை கொன்றிருக்கிறேன். பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாம்பரம் பக்கம் ஒரு தெருநாய்க் காப்பகம். தன்னார்வலர் தேவை என்றார்கள். ஏதாவது எழுதித் தரச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் பெயர் கொடுத்தேன். எழுத அங்கே ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். முதலுதவிப் பயிற்சிக்குத்தான் ஆள் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தகரக் கொட்டகையில், என்னில் பாதி வயதுள்ள ஊழியர்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது இரண்டு பேர் கைகொடுத்தார்கள்.

பயிற்சி கொடுத்தவர் கால்நடை ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை பார்த்த பெண்மணி. பொம்மை நாயின் காலுக்குள் குளுக்கோஸ் டியூபைச் சொருகி, மறுமுனையில் சாயத் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்திருந்தார். இரண்டு விதிகள் சொன்னார். வலியில் இருக்கும் நாய் சோறு போட்டவரையும் கடிக்கும். முதலில் வாயைக் கட்டு. அப்புறம் காயத்தில் துணியை வைத்து அழுத்து. அழுத்தியதை எடுத்துப் பார்க்காதே. ஊறினால் மேலேயே இன்னொரு துணி. எடுத்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் கலைந்துவிடும்.

புரிந்தது. ஆனால் நான் நாலு புத்தகம் படித்துக் கண்ணாடி போட்டவன். எதையும் சரிபார்க்காமல் நம்ப மாட்டேன். இட்லி வெந்ததா என்று பார்ப்பதுபோல் துணியின் ஓரத்தைத் தூக்கினேன். அவர் பாட்டிலை அழுத்தினார். சட்டையெல்லாம் சிவப்பு.

"செத்துடுச்சு சார். திரும்பப் பண்ணுங்க."

நாலாவது சாவுக்குப் பிறகு அவரே ஓய்ந்துவிட்டார். "நீங்க ஸ்ட்ரெச்சர் தூக்குங்க சார். அதுல பாக்க ஒண்ணும் இல்ல."

இரண்டு வாரம் கழித்து, ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் காய்கறி வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் கூட்டம். ஸ்டாண்டிலேயே வளரும் பழுப்பு நாய், உடைந்த பாட்டிலில் முன்னங்காலைக் கிழித்துக்கொண்டு கிடந்தது. ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. தினமும் அதற்குப் பொறை வாங்கிப் போடும் டிரைவர் பக்கத்தில் குந்தியிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"பூடும் போல கீது சார்."

"துண்டைக் குடுங்கண்ணே. மொதல்ல வாயைக் கட்டணும்."

"என்னையா கடிக்கும்? ஏழு வருசமா என் கையால துன்னுகினு கீது!" என்று அவர் நாயின் காலைத் தொட்டார். நாய் அவர் சட்டைக் கையைக் கவ்வியது. மறுபேச்சில்லாமல் துண்டு வந்தது.

அதை நீளவாக்கில் கிழித்து, மூக்கைச் சுற்றி ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. முடிச்சு நின்றது. மஞ்சப்பையைக் கவிழ்த்தேன். தக்காளி நாலு பக்கமும் ஓடியது. பையை மடித்துக் காயத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினேன்.

தாம்பரம் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அவர் ஆட்டோ கிளம்பியது. நாய் என் மடியில்.

"நின்னுச்சா சார்?"

"தெரியாதுண்ணே."

"இன்னா சார் தெரியாதுன்ற? லேசாத் தூக்கிப் பாரு!"

"பாக்கக் கூடாது."

"பேஜார் பண்ணாத சார். உசுரு கீதான்னாச்சும் சொல்லு!"

"மூச்சு வருது. நீங்க ரோட்டப் பாருங்க."

பை ஊறியது. மீதித் துண்டை மேலே வைத்தேன். வண்டலூரில் நெரிசல். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "துணிய எடுத்துட்டுப் பாருங்க சார், நின்னிருக்கும்" என்றார். ஜி.எஸ்.டி. ரோடே என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னது. எனக்கும் அந்த ஆசைதான். விரல் மரத்துவிட்டது, அதன் கீழே நடப்பது நன்மையா தீமையா என்று தெரியவில்லை. ஒரு ஓரம், ஒரே ஒரு ஓரம். பற்களைக் கடித்துக்கொண்டு நாயின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்தேன். பெருங்களத்தூர் போனது. தாம்பரம் வந்தது. நான் தூக்கவில்லை.

ஆஸ்பத்திரி மேஜையில் டாக்டர்தான் என் கையை விலக்கினார். ரத்தக்குழாயைக் கட்டினார், தைத்தார், கையைக் கழுவினார். டிரைவர் வெளியே வண்டியை ஓரங்கட்டப் போயிருந்தார்.

"யார் அழுத்தினது? நீங்களா? நடுவுல எடுத்திருந்தா இது இங்க வந்து சேர்ந்திருக்காது."

முப்பது வருடமாக எழுதுகிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு திருப்தியாக ஒரு விமர்சனம் வந்ததில்லை. நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது. பிழைத்துவிட்டது என்று கேட்டு ஓடிவந்த டிரைவர் டாக்டரைக் கட்டிக்கொண்டார், என்னைக் கட்டிக்கொண்டார், வாசலில் நின்ற காவலாளியையும் விடவில்லை.

பத்து நாள் கழித்து ஸ்டாண்டு வழியாகப் போனேன். ஆட்டோவின் பின்சீட்டில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு நாய் படுத்திருந்தது. டிரைவர் சகாக்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழட்டும் என்று நடையைத் தளர்த்தினேன்.

"அந்தக் கண்ணாடி போட்ட சாரு இன்னா பண்ணாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவரா? பாவம்பா, ரத்தத்தப் பாத்து வெறச்சிட்டாரு. எத்தினி வாட்டி சொன்னேன், தாம்பரம் வர்ற வரைக்கும் கைய எடுக்கவே இல்ல."