டொக்டருக்குப் பிணை நிற்க வந்த லெட்சுமி அக்கா

எங்கட ஆஸ்பத்திரி வெளிநாட்டு டொக்டருக்குக் கொழும்பில விசா நீட்டிக் குடுக்கேல்லையாம். வெள்ளிக்கிழமை போறா.

நான் இங்க நேர்ஸ். காலமை நோயாளியளுக்குத் துண்டு எழுதேக்க லெட்சுமி அக்காவிட்டை இதைச் சொன்னன். ஸ்கந்தபுரத்தில இருந்து மகனைச் சைக்கிளில வைச்சு உருட்டிக்கொண்டு வாறவா. செல்லடியில காயப்பட்ட அவன்ர காலை வெட்டிக் கழட்டாமல் காப்பாத்தினது இந்த டொக்டர்தான். இன்னும் ஒரு ஒப்பரேசன் மிச்சம் கிடக்கு.

அக்கா மேசைக்குக் கிட்ட வந்தா.

"மிஸ்ஸி, டொக்டருக்கு நான் பிணை நிக்கிறேன். விசா குடுக்கச் சொல்லுங்க."

இங்க ஒராள் பிணை நிண்டால்தானே எங்களுக்கு வவுனியா போக இயக்கம் பாஸ் குடுக்குது. விசாவும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டா.

இல்லையெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. சும்மா ஒரு தாளை எடுத்து, "அடையாள அட்டை நம்பரைச் சொல்லுங்கோ அக்கா" எண்டன்.

அவாவின்ர முகம் விழுந்துபோச்சு.

"அதுதான் இல்லையே மிஸ்ஸி. தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்க நாங்க. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு இன்னும் பதில் வரல."

டொக்டரிட்டையெண்டாலும் முடிஞ்சுபோன விசா ஒண்டு இருக்கு. இந்த நாட்டிலயே பிறந்த அக்காவுக்கு ஆர் பிணை நிக்கிறது? தெரிஞ்சவை சொல்லுங்கோ.