கென்சாகு தெளியவைத்த கடல்

என் கொழுந்தன் கென்சாகு போய்ச் சேர்ந்துவிட்டான். குளிர்காலத்தில், சோற்றோடு தின்னும் கடற்பாசித் தாளை நெருப்பில் வாட்டும் வாசனை வந்தால் போதும், அவன் நினைப்பு வந்து என்னைப் படுத்தும்.

நான் மருமகளாக வந்த காலத்தில் எங்கள் ஹரிமாக் கடல் கோடையில் சிவந்து நாறும். ஊர்ச் சாக்கடை மொத்தமும் அதில்தான் விழும், மீன்கள் செத்து ஒதுங்கும். அதைப் பார்த்துக் கொதித்துப்போய்த்தான் கென்சாகு குடும்பப் படகை விட்டுவிட்டு நகராட்சியின் கழிவுநீர் நிலையத்தில் சேர்ந்தான். என் கணவர் டொகுஜிக்கு ஒரே எரிச்சல். குளிர்காலமெல்லாம் வலையில் பாசி வளர்த்துத் தாளாக்கும் தொழிலுக்குத் தம்பியை நம்பியிருந்த மனுஷர்.

"ஊர் பீயைக் கலக்கப் போறியாடா?"

"கலக்க இல்லண்ணே, பிரிக்கப் போறேன்."

பிரித்தான். தொட்டிகளில் காற்றை ஊதினால் கிருமிகள் பெருகிக் கழிவைத் தின்னும். அந்தக் காற்றைக் கூட்டிக் குறைத்தே அவன் தலை நரைத்தது. சட்டம் கேட்டதைவிடப் பல மடங்கு சுத்தமாக விடுவான். பாதி சுத்தம் என்ற ஒன்றே அவனுக்குத் தெரியாது.

"அண்ணி, எட்டிப் பாருங்க, அடியில நண்டு ஓடுது" என்று அலைதடுப்புச் சுவருக்கு என்னை இழுத்துப் போவான். எனக்கு அப்படிப் பெருமையாக இருக்கும். என்ன நாட்கள் அவை.

அப்புறம்தான் பாசி வெளுக்க ஆரம்பித்தது. மை போல வரவேண்டிய தாள் வைக்கோல் நிறத்தில் வந்தது. ஏலத்தில் யாரும் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரில் பாசி தின்ன உரச்சத்து இல்லை; கழிவோடு சேர்த்து அதையும் கென்சாகு பிரித்தெடுத்திருந்தான். மீனவர் சங்கம் முறையிட்டது. குளிர்காலத்தில் மட்டும் காற்றைக் குறைத்து, கொஞ்சம் சத்தைக் கடலுக்கு விட்டுவைக்கலாம் என்று மேலிடம் அனுமதித்தது. செய்யவேண்டியவன் கென்சாகு. அவன் அசையவில்லை.

"இந்தக் குளிருக்கும் வெளுத்தா படகை வித்துடுவேன்" என்றார் டொகுஜி. விற்றால் அவர் எதற்கு உயிரோடு இருப்பார் என்று எனக்குப் பயம்.

அதுவரை அந்த நிலையத்தின் வாசலை மிதிக்காதவர், நேராகத் தொட்டி ஓரத்துக்கே போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

"கொஞ்சம் அழுக்கு குடுடா, தம்பி."

கென்சாகு மறுநாள் காற்றைக் குறைத்தான். அதிகம் குறைந்தால் கிருமி சாகும், மலம் அப்படியே கடலுக்குப் போகும். குறையாவிட்டால் பாசி பட்டினி. அந்த இடைவெளியில் நிற்கத் தெரியாமல் ஆரம்பத்தில் திணறினான். தூக்கமில்லாமல் கண் சிவந்து திரிந்தான்.

பாசி கறுத்தது. முதல் அறுவடைத் தாளை வாட்டிச் சோற்றோடு வைத்து அவனைக் கூப்பிட்டேன். ஒரு வாய் தின்றவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீர் சொட்டியது.

"நல்லா இல்லையாடா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. இது நல்லா இருக்க, நான் என் வேலைய மோசமா செய்யணும்னு ஆயிடுச்சே."

டொகுஜி தன் பங்குத் தாளையும் தம்பியின் தட்டில் வைத்தார்.

"இந்த அளவுக்கு மோசமா செய்ய உன்னை விட்டா ஊர்ல எவன் இருக்கான்? தின்னுடா."