அண்ணனின் ஸ்னூக்கர் கோல்

அண்ணனின் ஸ்னூக்கர் கோலை வளைத்தது நான்தான். பழியை அம்மா மேல் போட்டேன்.

போன வாரம் தாம்பரத்தில் ஒரு கடையில், இருப்பதிலேயே உயர்ந்த கோலைக் கேட்டேன். வளைவில்லை என்று காட்ட, கடைக்காரர் அதை மேசைமேல் உருட்டினார்.

"பாருங்க சார், துளிகூட ஆடல."

மரம் உருளும் அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது.

முதல் சம்பளத்தில் வாங்கிய கோலை அண்ணன் பரண்மேல் படுக்க வைத்திருப்பார். நான் நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்து, ஓட்டுமேல் சிக்கிய பந்தைத் தள்ளினேன். மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கோலை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு மறந்துபோனேன். கிளப் போட்டிக்கு முந்தின நாள் அண்ணன் அதை அங்கே கண்டெடுத்துத் தரையில் உருட்டினார். அது தத்தித் தத்திப் போனது.

"யாருடா எடுத்தது?"

"அம்மாதான்."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். "பெருக்கும்போது எடுத்து வெச்சேன்பா."

அண்ணன் போட்டிக்குப் போகவில்லை.

புதுக் கோலோடு இரும்புலியூரில் அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியும்டா. அம்மாவுக்குப் பரண் எட்டாது, நாற்காலியில ஏறவும் பயம்!"

"அப்புறம் ஏண்ணா என்னை அடிக்கல?"

"அம்மாதான் தடுத்தாங்க. பெரியவனானா அவனே சொல்லுவான்னாங்க. அதுக்கு உனக்கு எழுபது வயசாகும்னு அவங்க நெனைக்கல."

இரண்டு பேர் எனக்காக இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

அண்ணன் கோலைச் சாப்பாட்டு மேசையில் உருட்டினார். அது ஆடாமல் என் கைக்கு வந்தது.

"சாய்ச்சு வெச்சிடாதே, படுக்க வை" என்றார்.