மாப்புயா அம்மாவின் பிடி அரிசி

மாப்புயா செத்துப் பல மழை பெய்து ஓய்ந்துவிட்டது. இன்னும் அவன் அம்மாவை நாங்கள் மாப்புயா அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். எங்கள் மிசோ ஊர்களில் தலைப்பிள்ளை பிறந்ததோடு தாய்க்குத் தன் பெயர் போய்விடும். அவருக்கு லால்சுவாலி என்று ஒரு பெயர் இருப்பது, மாப்புயாவின் கல்லறைக் கல்லில் எழுதும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே தெரிந்தது.

அவர் வீடு சாலைக்குக் கீழே, சரிவில் இருந்தது. மேலே மண் சரியாமல் இருக்கத் தடுப்புச்சுவர். அதைக் குத்தகை எடுத்துக் கட்டியவர் ரோச்சிங்கா. கல் சுமந்த கூலியாட்களில் மாப்புயாவும் ஒருவன். "சிமெண்டு மூட்டையைப் படம் புடிக்கத்தான்டா இறக்குனாங்க. புடிச்சதும் திரும்ப லாரில ஏத்திட்டாங்க" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். அடுத்த மழையில் சுவர் மொத்தமாக இறங்கியது. அம்மா கடுகுக்கீரை பறிக்கப் போயிருந்தார். மாப்புயா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

குழி வெட்டியது இளைஞர் சங்கத்து ஆட்களான நாங்கள். பிற்பாடு அந்தம்மாவுக்கு வீட்டைத் திரும்பக் கட்டிக் கொடுத்ததும் நாங்கள்தான். ரோச்சிங்கா துக்கத்துக்கு வருகிறவர்களுக்கென்று சர்க்கரையும் டீத்தூளும் மூட்டையாக அனுப்பினார். தானும் வந்து உட்கார்ந்து நீளமாக ஜெபித்தார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் தைரியத்தில், சுவரில் சிமெண்டே இல்லை என்று மேலிடத்துக்கு மனு எழுதினேன், ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல். வந்து பார்த்தவர்கள், மழை அதிகம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். புதுச் சுவரின் குத்தகையும் ரோச்சிங்காவுக்கே போனது. மறு வருஷம் சபை அவரை மூப்பராகத் தேர்ந்தெடுத்தது. மகன் டெல்லியில் பெரிய வேலைக்குப் போனான். வீடு மூன்று மாடி ஆனது. அந்த மனிதருக்கு ஒரு தலைவலி வந்ததாகக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம், அரிசியைக் கழுவும் முன் ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போடுவார்கள். அது ஆண்டவருடைய பங்கு. சனிக்கிழமைகளில் பெண்கள் சங்கத்திலிருந்து ஒருவர் சாக்கோடு வந்து அதை வாங்கிப்போவார். வாசலில் நின்று அந்த வீட்டுக்காக ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார். எங்கள் வரிசைக்கு மாப்புயா அம்மாதான். ரோச்சிங்கா வீடும் இதே வரிசை.

"அந்த வீட்டை மட்டும் நான் பாத்துக்கறேன்க்கா" என்று சங்கத் தலைவி சொல்லிப் பார்த்தார்.

"அரிசி அவங்களோடதா என்ன? ஆண்டவரோடது. நானே எடுத்துட்டு வர்றேன்."

எடுத்து வருவார். ஆனால் அந்த வாசலில் மட்டும் ஜெபம் வராது. தொண்டையைக் காட்டிக் கையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். "வருஷம் பூராவா தொண்டை கட்டும்?" என்று என் அம்மா கேலி பேசுவாள். பேசிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை சாக்கு கனத்துவிட்டது என்று நானும் சுமக்கப் போனேன். ரோச்சிங்காவின் மனைவி அடுப்படிப் பக்கமே போகவில்லை. கடையிலிருந்து வந்து பிரிக்காமல் கிடந்த மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்.

"சமைக்கிறது வேலைக்காரப் பொண்ணு. தினம் அள்ளி வைக்க யாருக்கு ஞாபகம் இருக்கு? இந்தாங்க, ரெண்டு டப்பா. போதுமா?"

மறுநாள் ஆராதனையில், இந்த வாரம் எங்கள் வரிசையில் அதிகம் கொடுத்தது மூப்பர் வீடு என்று அறிவித்தார்கள். மாப்புயா அம்மா தனி ஆள். காலையில் ஒருமுறை பொங்கி இரண்டு வேளையும் தின்பவர். அவருடைய பிடிகள் டப்பாவின் அடியைக்கூட மறைக்காது. அறிவிப்பு முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாக்குத் தூக்க அவர் வீட்டுக்குப் போனேன். டப்பா கவிழ்ந்து கிடந்தது.

"இந்த வாரம் போடலயா?"

"போடல."

"நல்லதாப் போச்சு" என்றேன். "ஆண்டவருதான் அந்தாளுக்கு மாடி மாடியா ஏத்திக் குடுக்கறாரே. உங்க ஒரு பிடி வராட்டி பரலோகத்துல பட்டினியா கெடக்கப் போறாரு?"

"படிச்சா வாய் நீளும்போல." அவர் சிரிக்கவில்லை. "நானும் இதைத்தான் கேட்டேன், முவானா. அவர்கிட்டயே கேட்டேன். அந்தாளு நல்லாருக்கான், என் புள்ள மண்ணுக்குள்ள இருக்கான், இதுக்கா இத்தனை வருஷம் அள்ளி அள்ளிப் போட்டேன்னு. வாயே தொறக்கல அவரு. சரி, இனி உனக்கும் எனக்கும் பேச்சு இல்லன்னு டப்பாவைக் கவுத்துட்டேன்."

"அப்புறம் என்ன?"

"அப்புறமா?" அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தார். "மாப்புயா அவர்கிட்டதானேப்பா இருக்கான். நான் பேச்சை முறிச்சுக்கிட்டா எம்புள்ளயைப் பத்தி யார்கிட்டப் போய் விசாரிப்பேன்? சாப்புட்டானான்னு யார்கிட்டக் கேப்பேன்?"

அவர் எழுந்து டப்பாவை நிமிர்த்தினார். மறுநாள் உலைக்கு வைத்திருந்த அரிசியில் ஒரு பிடி அள்ளிப் போட்டார். கொஞ்சம் நின்று, இன்னொரு பிடியும் போட்டார்.

"கோவம் போயிருச்சா?"

"இல்ல" என்றார். டப்பாவைச் சாக்கில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினோம்.

ரோச்சிங்கா வீட்டு வாசலில் அன்று அவரே நின்றுகொண்டிருந்தார். "வாங்க மாப்புயா அம்மா" என்றார். அந்தப் பெயர் அவர் வாயில் எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்தது. "மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். நம்ம வீட்டுக்காக நல்லா ஜெபம் பண்ணுங்க."

கை தொண்டைக்குப் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. சாக்கைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, எல்லாத்தையும் நீர் பாத்தீர். இந்தப் பொண்ணு நல்லா வாழட்டும். அவளை யார் மேலயும் மண்ணு சரியாத வீட்டுல வையும். ஆமென்."

"ஆமென்" என்றார் ரோச்சிங்கா. "சுருக்கமா முடிச்சிட்டீங்களே" என்று சிரித்தார். அவர் மனைவி வழக்கம்போல் டப்பா நிறைய அரிசி கொண்டுவந்து கொட்டினார்.

திருப்பம் தாண்டியதும் மாப்புயா அம்மா சாலையோரச் சாக்கடைக் கல்லில் உட்கார்ந்து, போர்வை முனையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். "நீங்க வீட்டுக்குப் போங்க, மிச்ச வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஒரு தூறல்கூட இல்லை. பன்றி அடித்து ஊருக்கே விருந்து வைத்தார்கள். மாப்புயா அம்மா மட்டும் பந்திக்குப் போகவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"கூப்புடலயா உங்கள?" என்று என் அம்மா கேட்டாள்.

"வீட்டுக்கே வந்து கூப்புட்டாங்க. அவங்களுக்காக வாயைத் தொறந்துட்டேன். அவங்க சோத்துக்குத் தொறக்க மாட்டேங்குது."

கொடுத்த டீயை ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார்.